எந்திரத்துக்கு இடம் கொடுத்த தெரு

சங்குமுத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அணைந்தபெருமாள் அண்ணாச்சியின் தலைக்குள், புரட்டாசி மாதம் ஐந்தாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, அவர் நூறு கிராம் மிளகைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது, நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எண்கள் வரிசை குலையாமல் வந்து உட்கார்ந்தன. அவர் பொட்டலத்தைக் கட்டி முடித்தார், நூலை அறுத்தார், வாங்க வந்தவரிடம் கொடுத்தார், பிறகு உள்ளே திரும்பி மனைவி ராஜகனியிடம், "ஏளா, யாரோ நம்மகிட்ட சாமான் குடுத்து வச்சிருக்காவ, பத்திரமாப் பாத்துக்கிடணும்," என்றார். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்றெல்லாம் ராஜகனி கேட்கவில்லை. அந்தத் தெருவில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை.

மொத்தம் பதினான்கு வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி திரும்ப முடியாத அகலம், ஆனாலும் அங்கே நடக்கிற கல்யாணத்துக்கு நானூறு பேருக்குக் குறையாமல் வந்து இறங்குவார்கள், வந்தவர்களில் ஒருவர்கூட லாட்ஜில் தங்கியதாகச் சரித்திரம் கிடையாது. கல்யாண வீடு நிரம்பியதும் அடுத்த வீட்டுக்காரர்கள் யாரும் கேட்காமலே பாயை எடுத்து உதறுவார்கள், அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த வீடு, அதுவும் நிரம்பினால் அதற்கும் அடுத்தது என்று கூட்டம் தெருக்கோடி வரைக்கும் வழிந்துகொண்டே போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மணிக்கொரு தரம் காப்பி கேட்கிற பெரியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் கல்யாண வீட்டை ஒட்டியே படுக்கவைப்பார்கள், பந்திக்கு மட்டும் தலைகாட்டுகிற இளவட்டங்களைக் கடைசி வீட்டுக்குத் துரத்துவார்கள், ஏனென்றால் அடிக்கடி வேண்டியது பக்கத்தில் இருக்க வேண்டும், எப்போதாவது வேண்டியது எட்டத்தில் இருந்தால் பாதகமில்லை. இந்த ஒழுங்கை யாரும் எழுதிவைத்ததில்லை. எழுதிவைத்தவள் ஆவுடைச்செல்வி ஒருத்திதான், அதையும் எந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் எழுதிவைத்தாள்.

ஆவுடை அதே தெருவில் ஏழாம் வீட்டில் பிறந்தவள், பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் கெர்னல் எழுதியவள். கெர்னல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: எந்திரம் விழித்ததும் முதலில் எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு கடைசியாகப் படுக்கிற நிரல் அது, மற்ற நிரல்கள் கேட்கக் கேட்க நினைவில் இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை, அதை யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் அது ஒரு நொடி அசந்தால் எல்லாரும் திட்டுவார்கள். அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு அவள் ஊருக்கு வந்ததற்குக் காரணம், ஊரை ஒட்டி ஓடுகிற ஆறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலையடிவார அணையைத் திறந்தபோது, தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்று சரியாகச் சொல்ல ஆளில்லாமல் கீழ்க்கரை ஊர்களில் பதினேழு பேர் வெள்ளத்தில் போனார்கள். அதற்கப்புறம் ஆற்றங்கரைச் சங்கத்தார் சென்னையிலிருந்து ஒரு பழைய எந்திரத்தை வாங்கி, சங்குமுத்துத் தெருவின் தலைமாட்டில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் மாடியில் ஏசி போட்டு இறக்கி, "எத்தன அடி தண்ணி விட்டா எந்த ஊர்ல எந்தப் படி வரைக்கும் ஏறும், அதெ மட்டும் நீ சொல்லிரு தாயி," என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள். அறுபத்து மூன்று ஊர்கள், நாற்பது நாள் இடைவிடாத கணக்கு, நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. ஐப்பசி மழை இறங்குவதற்குள் அது முடிய வேண்டும்.

எந்திரத்துக்குள் நான்கு செயலிகள் இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கே அதற்கென்று கொஞ்சம் நினைவகம் இருந்தது. தன் பக்கத்து நினைவகத்திலிருந்து எடுத்தால் செயலிக்கு நொடியில் கிடைக்கும், இன்னொரு செயலியின் பக்கத்திலிருந்து எடுத்துவரப் போனால் இரண்டு பங்கு நேரமாகும். உப்பு தன் அடுக்களையில் இருப்பதற்கும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எது எதற்கு எவ்வளவு தூரம் என்று ஓர் அட்டவணை இருக்கும், பக்கத்து இடம் நிரம்பினால் கெர்னல் அந்த அட்டவணையைப் பார்த்து அடுத்த கிட்டத்து இடத்துக்குப் போகும். ஆவுடை அந்தப் பகுதியைத் தெருக் கல்யாண முறைப்படியே எழுதினாள், எழுதியதைச் சோதித்துப் பார்க்க நான்கு இடங்கள் போதாமல் எந்திரத்தில் இல்லாத இடங்களையும் சேர்த்தாள். மற்ற ஊர்க்காரர்கள் அவற்றுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று நம்பர் போட்டிருப்பார்கள். இவள் ஆபீஸ் வாசலிலிருந்து எட்டுவைத்து, அண்ணாச்சி கடை இருபத்திரண்டு எட்டு, புஷ்பக்கா மாவு மில் முப்பத்தொரு எட்டு, காதர்மைதீன் பாய் தையல் கடை ஐம்பத்தாறு எட்டு, கடைசி வீடு ஆட்டோ மாசானம் இருநூற்றுப் பதினெட்டு எட்டு என்று நடந்து பார்த்து, எண்ணிப் பார்த்து எழுதினாள். சோதனை முடிந்து கணக்கைத் துவக்கும்போது அந்த வரிகளை அழிக்கவில்லை. மறதி என்றுகூட அதைச் சொல்ல முடியாது, வேண்டியபோது இடம் தருகிறவர்களின் பட்டியலில் அக்கம்பக்கத்து வீடுகள் இருப்பது அவள் கண்ணுக்கு ஒரு தப்பாகவே தெரியவில்லை.

பதினோராம் நாள் நினைவகம் நிரம்பியது. நிரம்பும் என்று அவளுக்குத் தெரியும், எந்திரம் அத்தோடு நின்றுவிடும் என்றும் பயந்துகொண்டிருந்தாள், ஆனால் எந்திரம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து அட்டவணையைத் திறந்தபோது, அண்ணாச்சி கடை என்ற வரிக்கு நேரே ஒரு பக்கம் என்று இருந்தது. ஒரு பக்கம் என்பது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எண்கள். ஆவுடை செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி இருபத்திரண்டு எட்டு நடந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க தலையில எதுவும் வந்துச்சா?"

"ஓ, அது ஒன்னோடதா?" என்றார் அண்ணாச்சி. "அப்பவே நெனைச்சேன். ஒண்ணு சொல்லட்டா, மொதல்ல இருவத்தேழு, பொறவு ரெண்டு சைபர், பொறவு நூத்திப் பதினாலு..."

"போதும் போதும், சொல்ல வேண்டாம். கனமா இருக்கா?"

"கனமெல்லாம் ஒண்ணுமில்ல. இருக்கட்டும், ஒனக்கு வேணுங்கிறப்ப எடுத்துக்க."

எந்திரமும் வேண்டியபோது எடுத்துக்கொண்டது. வரும்போது யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும், போகும்போது தும்மல் வருகிற மாதிரி இருந்து வராமல் போய்விடும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதினான்கு வீடுகளிலும் பக்கங்கள் குடியேறிவிட்டன. அந்தத் தெரு அதைக் கல்யாணத்துக்கு வந்தவர்களை ஏற்பது போல ஏற்றுக்கொண்டது, பாய் மட்டும் விரிக்கவில்லை. காதர்மைதீன் பாய் தைத்துக்கொண்டே பக்கங்களைப் பிடித்துவைத்தார், எண்கள் இருக்கும்போது தையல் நேராக விழுகிறது என்று சொல்லி, இரண்டு பேண்ட் கூடுதலாகவே தைத்தார். ஆட்டோ மாசானம் ஒருநாள் திருநெல்வேலி ஜங்ஷனுக்குச் சவாரி போனபோது எந்திரம் மூன்று மணி நேரம் நொண்டியது, ஏனென்றால் அவனிடம் இருந்த ஒரு பக்கத்தை எடுக்க அத்தனை தூரம் போய்வர வேண்டியிருந்தது. அன்றைக்கே தெரு கூடி, கணக்கு முடிகிற வரைக்கும் யாரும் ஆவுடையிடம் சொல்லாமல் பாலத்தைத் தாண்டக்கூடாது என்று முடிவெடுத்தது. மாசானம் மிச்ச நாள் முழுக்கச் சவாரியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டான். பொறாமையும் வராமல் இல்லை. பத்தாம் வீட்டுக்காரிக்கு நூற்றைம்பது பக்கம், தனக்கு வெறும் நாற்பதா என்று பன்னிரண்டாம் வீட்டுக்காரி படியேறி வந்து சண்டை பிடித்தாள், நீ முப்பது எட்டு தள்ளி இருக்கிறாய் என்று ஆவுடை விளக்கினாள். மறுநாள் காலையில் பன்னிரண்டாம் வீட்டுக்காரி குடும்பத்தோடு கட்டிலையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

ஆவுடை இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் இருந்த எந்த எந்திரமும், அதை உண்டாக்கிய எந்த மேதையும், இப்படி ஒரு மனசோடு இடம் கொடுத்து அவள் பார்த்ததில்லை. ஆனால் கெர்னலுக்கு இன்னொரு விதியும் உண்டு, அதையும் எழுதியவள் அவளேதான். எல்லா இடமும் நிரம்பிய பிறகும் இடம் கேட்டால், ரொம்ப நாளாக யாரும் தொடாததைத் தேடிப்பிடித்து வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைக் கொடு என்பதுதான் அந்த விதி. எந்திரத்துக்குள் அது நியாயமான விதி. மனிதர்களிடத்தில் அது என்ன செய்யும் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள்ளேயே செய்ய ஆரம்பித்துவிட்டது.

முதலில் மாசானத்துக்கு அவனுடைய ஹெட்மாஸ்டர் பெயர் போனது, அவன் சந்தோஷப்பட்டான். காதர்மைதீன் பாய்க்கு மஸ்கட்டில் இருந்த ஒன்றரை வருஷம் போனது, "அங்க என்னத்தக் கண்டேன், போனா போகட்டும்மா," என்று அவர் ஊசியில் நூல் கோத்தார். மூன்றாவதாக ராஜகனிக்கு அவளுடைய கல்யாணம் போனது. எந்த மண்டபம், என்ன சேலை, தாலி கட்டும்போது யார் பின்னால் நின்றது, எதுவுமே இல்லை, எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறவர் தன் புருஷன் என்பது மட்டும் தெரிந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

"முப்பத்தோரு வருசத்துல ஒரு தடவகூடவா அதெ நெனைச்சுப் பாக்கல நீ?"

"வேல கெடந்துச்சு," என்றாள் ராஜகனி. "நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, பொறவு அதெ எதுக்கு நெனைக்க?"

மூன்றாம் நாள் அவர் தானே வந்து உட்கார்ந்து, கல்யாணத்தை முதலிலிருந்து கடைசிவரைக்கும் அவளுக்குச் சொன்னார், தன் மாமனார் தனக்குத் தலை வணங்கியது உட்பட நடக்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். ராஜகனி எல்லாவற்றையும் நம்பினாள்.

ஆவுடை அன்றைக்குச் சாயங்காலம் தெருக் குழாயடியில் எல்லாரையும் கூட்டி, எந்திரத்தை நிறுத்திவிடப்போவதாகச் சொன்னாள். என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது, தான் எழுதிய விதி என்ன என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, சொல்லும்போது அழுதும்விட்டாள். பிறகு அண்ணாச்சிதான் கேட்டார்.

"தொடாததத்தானே அது எடுக்கும்? தொட்டா எடுக்காதுல்லா?"

"எடுக்காது அண்ணாச்சி."

"அப்ப தொட்டுட்டாப் போச்சு. இதுக்கா அழுத?"

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரு முழுதும் குழாயடியில் கூடி, தன் தன் நினைவைத் தொட ஆரம்பித்தது. பார்க்க வேண்டிய காட்சி அது. ஒருத்தர் முதன்முதலில் பஸ்ஸில் ஏறிய நாளைச் சொன்னார், ஒருத்தி தான் பெற்ற மூன்றையும் வலி உட்படச் சொன்னாள், ஒருத்தர் இருபது வருஷத்துக்கு முன்னால் தம்பியை அறைந்ததைச் சொல்ல அந்தத் தம்பி அங்கேயே இருந்து அதைக் கேட்டார், ஒருத்தி செத்துப்போன பசுவின் நெற்றிச் சுழியைச் சொன்னாள், ஒருத்தி தாயார் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பின் வாசனையைச் சொல்லத் தெரியாமல் கையை ஆட்டினாள், அந்த ஆட்டலிலேயே எல்லாருக்கும் பசித்தது, சொன்னதையே மறுநாளும் சொன்னார்கள், மறுநாளுக்கு மறுநாளும் சொன்னார்கள், யாருக்கும் சலிக்கவில்லை, எந்திரம் மாடியில் உறுமிக்கொண்டே இருந்தது, வந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை.

வராதவள் ஒருத்திதான், மாவு மில் தங்கபுஷ்பம்.

புஷ்பத்துக்கு நாற்பத்தேழு வயது, தனியாள், அண்ணாச்சி வீட்டுக்கு அடுத்த வீடு. அதிகம் பேச மாட்டாள், அதனால் தலையில் இடம் நிறைய இருந்ததோ என்னவோ, அந்தத் தெருவிலேயே அதிகப் பக்கங்கள் அவளிடம்தான் இருந்தன. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் இருந்து போனது. புருஷன் அந்த வருஷமே திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்கப்புறம் புஷ்பம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவள் பேசாததால் தெருவும் பேசியதில்லை, பேசாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று மற்றப் பதிமூன்று வீடும் தனித்தனியாக நினைத்துக்கொண்டது. ஆவுடைக்கு அப்போது பதினேழு வயது, அவளுக்கும் தெரியும். புஷ்பத்திடமிருந்து எது முதலில் போகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கணக்கு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆவுடை மில்லுக்குப் போனாள். புஷ்பம் கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சாயங்காலம் கொழாயடிக்கு வாங்கக்கா."

"எனக்கு அரைக்க நெறையக் கெடக்கு."

"வந்து ஒண்ணும் சொல்லாண்டாம். மனசுக்குள்ள நெனைச்சாக்கூடப் போதும். ஒரே ஒரு தடவ."

புஷ்பம் கல்லைக் கீழே வைத்தாள். "எதச் சொல்லுதன்னு எனக்குத் தெரியும்ட்டி. அதெத் தொட்டா நான் அன்னைக்கு எந்திரிச்சு மாவரைக்க முடியாது. அதாம் தொடாம வச்சிருக்கேன்."

"தொடாம வச்சாப் போயிரும்க்கா. நான் ஒங்க வீட்ட பட்டியல்ல இருந்து எடுத்துரட்டுமா? ரெண்டு நிமிச வேலதான்."

"எடுத்தா எந்திரம் ஓடுமா?"

புஷ்பத்திடம் இருந்த பக்கங்களுக்கு வேறு எந்த வீட்டிலும் இடமில்லை. எடுத்தால் நின்றுவிடும், நின்றால் மழைக்கு முன் முடியாது.

"அறுவத்து மூணு ஊரு," என்றாள் புஷ்பம். "அங்கெல்லாம் எத்தன பிள்ளைய இருக்கும்? பேசாம போயி வேலயப் பாரு. போறது போகட்டும். போனாலாவது நல்லாத் தூங்குவேன்."

ஆவுடை திரும்பி வந்து எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழிக்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எந்திரம் ஐப்பசி நாலாம் தேதி கணக்கை முடித்தது, பதினோராம் தேதி அணையைத் திறந்தார்கள், எந்த ஊரில் எந்தப் படிவரைக்கும் ஏறும் என்று சொன்னதோ அந்தப் படியில்தான் தண்ணீர் வந்து நின்றது, அதற்குள் அறுபத்து மூன்று ஊர் சனமும் ஆடுமாடுகளோடு மேட்டில் இருந்தது, ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. அதையெல்லாம் பேப்பரில் போட்டார்கள், சங்கத் தலைவர் படமும் வந்தது. பேப்பரில் வராதது, கணக்கு முடிவதற்கு மூன்று நாள் முந்தி நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தெரு குழாயடியில் கூடியிருந்தபோது புஷ்பம் மில்லைவிட்டு வெளியே வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கையில் ஒரு சின்ன வளையல் வைத்திருந்தாள், கைக்குழந்தைக்குப் போடுகிற வசம்பு வளையல்.

"ஏக்கா, இது யாரோடதுன்னு பாருங்க," என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். "மில்லு பெல்ட்டு வைக்கிற டப்பாவுக்குள்ள கெடந்துச்சு. எந்தப் பிள்ளையோட வளையலோ, தேடிட்டு இருப்பாவ."

ஆவுடைக்குத் தான்தான் இதைச் செய்தோம் என்பது மட்டும் தெரிந்தது, எழுந்து மாடிக்கு ஓடப்போனாள். ராஜகனி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஏட்டி, இங்க மைனிகிட்ட உக்காரு. எங்க ஓடுத? நிறுத்துனா மட்டும் திரும்பி வந்துருமா?"

அதற்குள் அண்ணாச்சி எழுந்து நின்றார், துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "புஷ்பம், உக்காரு," என்றார். "அது ஒன் மவளோடது."

"எனக்கு ஏது மவ?"

"இருந்தா. அஞ்சு மாசம் இருந்தா. எடை கொறச்சலாப் பொறந்தா. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நீ அவளத் தூக்கிட்டு எங் கடைக்கு வருவ, நான் தராசுத் தட்ட நல்லாத் தொடச்சு, துண்ட விரிச்சு, அதுல படுக்கவைப்பேன். மொத வெள்ளி ஒண்ணே முக்காக் கிலோ. கடைசி வெள்ளி மூணு கிலோ அறுநூறு. தட்டு ஆடுனா சிரிப்பா. நான் வேணும்னே ஆட்டுவேன். இன்னைக்கும் வெள்ளிக்கெழம தட்டத் தொடைக்கையில எனக்கு அதுதான் நெனப்பு."

புஷ்பம் வளையலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். காதர்மைதீன் பாய் தொண்டையைச் செருமினார். "சட்ட நான்தான் தச்சேன்ம்மா. வெட்டுன துணியில மிஞ்சுனது, எங் கையகலம். மஞ்சப் பூ போட்டது. இப்பவும் துண்டுத் துணி மிஞ்சுனா, அதுக்கு ஒரு சட்ட வரும்னு அளவு பாத்துட்டுத்தான் கீழ போடுவேன்." மாசானம் யாரையும் பார்க்காமல் சொன்னான், "ஆஸ்பத்திரிக்கு நான்தாங்க்கா ஓட்டுனேன். புது ஆட்டோ. அவ தூங்கிட்டு வந்தா. குழியில ஏறுனா முழிச்சிருவாளேன்னு மெதுவா ஓட்டுனேன். வெரசா ஓட்டிருக்கணுமோன்னு நான் நெனைக்காத நாளில்ல." பத்தாம் வீட்டுக்காரி அவளுக்கு வலது காதுக்குப் பின்னால் மச்சம் என்றாள், பன்னிரண்டாம் வீட்டுக்காரி இல்லை, இடது காது என்றாள், இரண்டு பேரும் அங்கேயும் சண்டை பிடித்து, கடைசியில் இடது காதுதான் என்று முடிவானது. இப்படி ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தது, கிட்டத்து வீடுகள் நிறையச் சொன்னன, எட்டத்து வீடுகள் கொஞ்சம் யோசித்து மெதுவாகச் சொன்னன, ஆனால் இல்லை என்று ஒரு வீடும் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்த ஆவுடைக்கு அப்போதுதான் உறைத்தது. எந்திரம் எல்லாரிடமும்தான் தொடாததைத் தேடியது. ஹெட்மாஸ்டர் பெயரை எடுத்தது, மஸ்கட்டை எடுத்தது, கல்யாணத்தையே எடுத்தது. இந்தக் குழந்தையை மட்டும் புஷ்பத்தைத் தவிர வேறு ஒருவரிடமிருந்தும் எடுக்க அதற்கு முடியவில்லை, ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாக மற்றப் பதிமூன்று வீட்டு ஆட்களும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், புஷ்பத்துக்கும் தெரியாமல், தினமும் அவளைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த மனிதர்களை நினைத்து அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

புஷ்பம் அழவில்லை. யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோலத்தான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, மெதுவாகக் கேட்டாள்.

"அவளுக்குப் பேரு என்ன?"

கூட்டம் விழித்தது. பேர் வைக்கிற விசேஷம் நடக்கவே இல்லை, ரேஷன் கார்டில் ஏறவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் தங்கபுஷ்பத்தின் பெண் குழந்தை என்று மட்டுமே இருந்தது. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"குருணை," என்றாள் ராஜகனி. "அரிசிக் குருணை கணக்கா அத்தனூண்டு இருந்தால்லா, நீ அப்படித்தான் கூப்புடுவ. வேற யாரு முன்னாலயும் கூப்புட மாட்ட, கண்ணு பட்டுரும்னு. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒத்தச் செவருதானே, காலையில பால் குடுக்கையில எனக்குக் கேக்கும். ஏ குருணை, எந்திரி குருணைன்னு. அந்தச் சத்தத்துலதான் நான் எந்திரிப்பேன். இப்பவும் காலையில கண்ணு முழிச்சா மொதல்ல நான் சொல்லுதது அதான்."

புஷ்பத்தின் உதடு அசைந்தது. குருணை என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள், பிறகு சத்தமாகச் சொன்னாள். அது அவளுக்குப் புதுப் பெயராகத்தான் இருந்தது. ஆனால் வளையலை வைத்திருந்த கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள், அப்படியே குழாயடி ஈரத்தில் உட்கார்ந்தாள், இருபத்திரண்டு வருஷம் கழித்து அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவ சொல்லு மைனி," என்றாள் புஷ்பம்.

ராஜகனி சொன்னாள். அண்ணாச்சி சொன்னார். காதர்மைதீன் பாய் சொன்னார், மாசானம் சொன்னான், பத்தாம் வீடு சொன்னது, பன்னிரண்டாம் வீடு சொன்னது, அதுவரைக்கும் அந்தப் பெயரைக் கேட்டே இராதவர்களும் சொன்னார்கள், ஆவுடையும் சொன்னாள், ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் புஷ்பம் அடுத்தவர் முகத்தைப் பார்த்து, நீயும் சொல்லு என்றாள்.